புதன்கிழமை மிருகங்கள்

எங்கள் கம்பெனியின் கான்ஃபரன்ஸ் அறைக்குப் புதன்கிழமைதோறும் மத்தியானம் மூன்றரை மணிக்கு மிருகங்கள் வரும். குதிரை வரும், காட்டு வாத்து வரும், பைக்குள் கிடந்த பூனை வெளியே வரும். எல்லாம் ஸ்பீக்கர் வழியாகத்தான். கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வாடிக்கையாளர் கம்பெனியின் ஆள் ஒருவர் பேசுவார். நாங்கள் ஓசூரில் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து தலையாட்டுவோம். கேமராவை யாரும் போடமாட்டோம் என்பதால் எங்கள் தலை அவருக்குத் தெரியாது. இருந்தாலும் ஆட்டுவோம்.

நான் குவாலிட்டி டிபார்ட்மென்டில் டாக்குமென்ட் பார்ப்பவள். ரிப்போர்ட், ரிஜிஸ்டர், ஆடிட் ஃபைல், அளக்கும் கருவிகளின் பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. புதன்கிழமை மட்டும் எனக்கு வேறு உத்தியோகம். மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் வரும் மிருகத்துக்கு அர்த்தம் எழுதி, சீட்டை அவர் பக்கம் நகர்த்த வேண்டும். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், எஞ்சினியர், இங்கிலீஷும் நன்றாகவே பேசுவார். ஆனால் அந்த வெளிநாட்டுக்காரர் நேராகப் பேசும் ரகம் இல்லை. 'குதிரைகளைப் பிடித்து நிறுத்துங்கள்' என்பார். நான் 'அவசரப்படாதே' என்று எழுதி நகர்த்துவேன். 'செத்த குதிரையை அடிக்க வேண்டாம்' என்பார். 'முடிஞ்ச கதை, விடு' என்று நகர்த்துவேன். 'கோல் கம்பத்தை நகர்த்தாதீர்கள்' என்றால், ஒப்புக்கொண்டதை நடுவில் மாற்றாதே. 'பந்து இப்போது உங்கள் பக்கம்' என்றால், இனி உன் பாடு. இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார். எங்கள் பக்கம் வந்த பந்துகளைச் சேர்த்து வைத்திருந்தால் பாகலூர் ரோட்டில் ஒரு கடை போட்டிருக்கலாம்.

இந்த இங்கிலீஷ் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததில்லை. கிருஷ்ணகிரியில் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தேன். சிஸ்டர்கள் இலக்கணத்தை மண்டையில் ஏற்றினார்கள். கடிதம் எப்படி ஆரம்பிப்பது, எப்படி முடிப்பது என்று கற்றுக் கொடுத்தார்கள். மிருகங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வருஷம் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் பாத்ரூமில் நின்று போனில் தேடித்தான் அர்த்தம் கண்டுபிடித்தேன். பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். மகள் பாதி எழுதி விட்டுப்போன கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மிருகத்துக்கு ஒரு பக்கம், விளையாட்டுக்கு ஒரு பக்கம். இரண்டு வருஷத்தில் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அந்த ஆபீசில் எம்.ஏ. படித்தவர்கள் கூட 'மேடம், இந்தக் கறுப்புக் குதிரைன்னா என்ன?' என்று என் மேசைக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லிவிட்டால்தான் பின்னால் வருவது புரியும்.

நான் யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தேனோ அவள் அந்த அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அவள் கீழே, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நிற்பவள். தளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், மாமியாரோடு சண்டை போட மட்டும் தெலுங்கு என்று அவளே சொல்வாள். படித்தது கன்னட மீடியம், பத்தாவது வரை. கான்ட்ராக்டில் சேர்ந்து ஆறு வருஷம். கம்பெனி பஸ் அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி வரும். நான் தளி ரோட்டில் ஏறுவேன். பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். உள்ளே போய்விட்டால் நான் 'மேடம்', பஸ்ஸில் 'அக்கா'. அந்த வித்தியாசத்தை ஒரே ஒரு நாள் தவிர அவள் மறந்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"இன்னிக்கி எந்த மிருகம் வந்துச்சுங்க்கா?"

நான் சொல்ல வேண்டும். வாத்து என்றால் வாத்தின் கதை, பூனை என்றால் பூனையின் கதை. அவளுக்கு அதில் பெரிய ஆசை. "எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே துளையப் பாக்கறேன், மண்டைக்குள்ள ஏதாச்சும் வேணுமில்ல" என்பாள். அடுத்த நாளே அந்தச் சொல்லை ஷாப்பில் விட்டுவிடுவாள். சூப்பர்வைசர் கத்தினால், 'குதிரயப் புடிங்க சார்' என்பாள். மேசையைச் சுற்றி நிற்கும் பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவளால் எங்கள் பிளான்டில் வெளிநாட்டு மிருகங்கள் மெஷினுக்கு மெஷின் திரிந்தன.

ஒரு புதன்கிழமை யானை வந்தது. 'அறைக்குள் யானை நிற்கிறது' என்றார் வெளிநாட்டுக்காரர். சாயங்காலம் நான் விளக்கினேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய பிரச்சினை எதிரே நிற்கிறது, ஆனால் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள், தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் அர்த்தம் என்றேன். அவளுக்கு ஏறவே இல்லை.

"யான வந்தா எப்படிக்கா சும்மா குந்திட்டு இருப்பாங்க?"

"இது நிஜ யானை இல்ல. சொல்றதுக்கு ஒரு பேச்சு."

"பேச்சுக்குக் கூட அப்படி இருக்க மாட்டாங்க. எங்கூர்ல மொதல்ல எவன் கண்ணுல படுதோ அவன் கத்தணும். அது யார் கொல்லையில நின்னாலும் சரி. பேச்சுவார்த்த இல்லாத பங்காளி கொல்லையா இருந்தாலும் 'ஆனெ, ஆனெ'ன்னு கத்தியே ஆகணும். கத்தாம இருந்தான்னு தெரிஞ்சா அப்பறம் அவன் வூட்டுல யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்க."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவர்கள் ராகியை யானை மிதித்துவிட்டது. வீட்டுக்காரர் அந்த நிலத்தையே கட்டிக்கொண்டு அழுகிறவர். அந்த வீடு ஓடியது இவள் சம்பளத்தில்தான். அதனால்தான் பர்மனென்ட் என்ற ஒரு சொல்லை அவள் சாமி பேர் மாதிரி சொல்வாள். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்த பிறகு, பர்மனென்ட் ஆகிறவர்களின் பெயரைப் படிப்பார்கள். அந்த வருஷம் ஆறு பேர். அதில் அவள் பெயரும் இருப்பது எனக்குத் தெரியும். பட்டியலை டைப் அடித்தவளே நான். சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கும் இடம் வரும்வரை விடவில்லை. பிறகு கேட்டாள், "பர்மனென்ட் ஆனா ஸ்டூல் கேக்கலாமாக்கா?" கான்ட்ராக்ட் ஆட்கள் நின்றுகொண்டேதான் வேலை பார்க்க வேண்டும். கேட்கலாம் என்றேன். அவளுக்கு ஆறு வருஷத்தில் கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டிருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஃபைல் சுத்தமாக இருக்க வேண்டும். அதாவது ஒரு லெட்டர் கூட இருக்கக் கூடாது.

லெட்டர் என்றால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் எல்லாருக்கும் தெரியும். லேட்டாக வந்தால் லெட்டர், சொல்லாமல் லீவு போட்டால் லெட்டர், போன் பேசினால் லெட்டர். 'என் கவனக்குறைவால் நடந்துவிட்டது, இனி நடக்காது என்று உறுதி கூறுகிறேன்' என்று வெள்ளைத்தாளில் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தப்புச் செய்தார்களா இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டு டீக்குப் போவார்கள். அந்த வழக்கம் அவ்வளவு பழகிவிட்டதால் லெட்டரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அவள் ஆறு வருஷத்தில் ஒன்று கூட எழுதியதில்லை.

இப்போது கேஜ் பற்றிச் சொல்ல வேண்டும். பேனா நீளத்துக்கு ஒரு எஃகுத் துண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அவள் வேலை நாள் முழுக்க இதுதான். போக வேண்டிய முனை போனால் பீஸ் பச்சைத் தொட்டிக்கு, போகாவிட்டால் சிவப்புத் தொட்டிக்கு. ஆயிரக்கணக்கான துளைக்குள் போய் வந்தால் எஃகும் தேயும். தேய்ந்துவிட்டால் சின்னத் துளைக்குள்ளும் போய்விடும், கெட்ட பீஸெல்லாம் நல்ல பீஸாகப் பச்சைத் தொட்டியில் விழும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஜை வெளியே அனுப்பிச் சோதித்து, புதுத் தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த ரிஜிஸ்டர் என் கையில்.

லெட்டர் விவகாரத்துக்கு நான்கு மாதம் முன்பு அவள் பஸ்ஸில் சொன்னாள். "அக்கா, இந்த கேஜ் சரியில்ல. முன்னெல்லாம் புடிச்சுப் புடிச்சுப் போவும். இப்ப வழுக்கிட்டுப் போவுது." நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். தேதி முடிந்திருந்தது. மேனேஜரிடம் போனேன்.

"இருக்கறது ஒரே கேஜ் மேடம். அனுப்பினா லைன் நிக்கும்" என்றார். "ஸ்டிக்கர மட்டும் மாத்திருங்க. அடுத்த மாசம் அனுப்பிடலாம்."

மாற்றினேன். என் கையால் பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தேதி எழுதி ஒட்டினேன். அவளிடம் "பாத்தாச்சு, சரியாத்தான் இருக்கு" என்றேன். ஸ்டிக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையாட்டினாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அடுத்த மாதமும் போயிற்று, அதற்கடுத்த மாதமும் போயிற்று, கேஜ் எங்கேயும் போகவில்லை.

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெளிநாட்டில் எங்கள் பீஸ் மாட்டவில்லை. பெட்டி பெட்டியாகத் துளை சின்னது. அந்தப் புதன்கிழமை ஸ்பீக்கரில் குதிரையும் இல்லை வாத்தும் இல்லை. 'யாரோ பந்தைக் கீழே விட்டிருக்கிறீர்கள்' என்றார் அந்த ஆள். 'யார் என்று அடுத்த புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.' நான் அர்த்தம் எழுதவில்லை. மேனேஜரும் சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த புதன் காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஒரு லெட்டர் வேண்டும் என்றார். இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நிற்பவள் தன் கவனக்குறைவால் விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தால், அதை ரிப்போர்ட்டோடு இணைத்து அனுப்பிவிடலாம்.

"அவ பர்மனென்ட் லிஸ்ட்ல இருக்கா சார்."

"இது கஸ்டமர் ஃபைலுக்கு மட்டும் மேடம். அவ பர்சனல் ஃபைலுக்குப் போவாது. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் நம்பினேனா? அன்றிலிருந்து இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவளை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனேன். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், எழுத வராது. அதனால் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அவள் அதைப் பார்த்துப் பார்த்து இன்னொரு தாளில் வரைந்தாள். எழுத்து எழுத்தாக, கோலம் போடுகிற மாதிரி. பாதியில் நிறுத்தினாள். படித்துப் புரிந்துகொண்டுதான் வரைந்திருக்கிறாள்.

"அக்கா, இது நான் பண்ணலியே? கேஜ் வழுக்குதுன்னு நான்தான சொன்னேன்?"

"எல்லாரும் எழுதறதுதானம்மா. சும்மா ஃபார்மாலிட்டி. கஸ்டமருக்குக் காட்டறதுக்கு."

"லிஸ்ட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது."

"நீங்க சொன்னா சரிங்க்கா" என்று மிச்சத்தையும் வரைந்து முடித்துக் கீழே கன்னடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு மேசைக்குப் போய் நின்றாள். நான் அந்த லெட்டரை இங்கிலீஷில் மாற்றினேன். அழகான இங்கிலீஷ். சிஸ்டர்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

பன்னிரண்டு மணிக்கு, கஸ்டமருக்கு மேனேஜர் அனுப்பிய மெயில் எனக்கும் வந்தது. ஹெச்ஆருக்கும் ஒரு காப்பி போட்டிருந்தார். 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில், அந்த ஆபரேட்டர் லைனிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு அதற்கு அர்த்தம் வேலை போயிற்று என்பதுதான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன்.

மேனேஜர் கேபினில் இல்லை. ஷாப்பில் இல்லை. டெஸ்பாட்ச்சில் லாரி பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை வெயிலில் நின்றேன். பிறகு என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. கெஞ்சினேன் என்பது நினைவிருக்கிறது. அவளை வேறு லைனுக்கு மாற்றுங்கள், பூஜை முடியும்வரை தள்ளிப் போடுங்கள், வேண்டுமானால் மெஷின் மேல் பழியைப் போடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒருத்தர் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்.

"சரி மேடம், கேஜ்னு சொல்லிடலாம்" என்றார். "ரிஜிஸ்டர் கேப்பாங்க. ஸ்டிக்கர்ல கையெழுத்து யாருதுன்னு கேப்பாங்க. சொல்லிடலாமா?"

நான் லாரியின் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

ஹெச்ஆரிடம் போனேன். லெட்டர் ஃபைலுக்குப் போயாச்சு, போனது போனதுதான் என்றார்கள். கான்ட்ராக்டரின் ஆளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அவள் நிற்கும் மேசைக்கு இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பினேன். தூரத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டுக் கேஜைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். என் மேசையில் ஒட்டி வைத்திருக்கும் மாதா படத்தைப் பார்க்கக் கூட எனக்கு அன்று தைரியம் வரவில்லை. மணி மூன்று இருபது.

இந்த இடத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கணவரையோ, நான் மட்டுமே காப்பாற்ற வேண்டிய ஒரு குடும்பத்தையோ எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. என் கணவர் திடமாக இருக்கிறார், சம்பாதிக்கிறார். மகள் காலேஜில் படிக்கிறாள். என் வேலை போயிருந்தால் கஷ்டப்பட்டிருப்போம், பட்டினி கிடந்திருக்க மாட்டோம். நாற்பத்து நான்கு வயதில் 'ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியவள்' என்று பெயர் வாங்கி வெளியே போகப் பயந்தேன். மிருகங்களுக்கு அர்த்தம் சொல்லும் அந்த நாற்காலியை விடப் பயந்தேன். எவ்வளவு தோண்டினாலும் இதற்குமேல் பெரிய காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றரைக்கு ஸ்பீக்கர் பேசியது. லெட்டர் கிடைத்தது, நன்றி என்றார். நேர்மையான லெட்டர் என்று கூடச் சொன்னார். பிறகு காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அந்த மனுஷனுக்கு ஏதோ இடித்திருக்க வேண்டும். ஒரு ஆள் கவனக்குறைவாக இருந்தால் ஒரு நாள் தப்பு வரும், நான்கு மாதத்துத் தப்பு எப்படி வரும் என்று கேட்டார். 

'அறைக்குள் யானையை நிற்க வைத்துக்கொண்டு இந்த ஃபைலை மூட எனக்கு விருப்பமில்லை' என்றார். 'வேறு ஏதாவது இருந்தால் இப்போது சொல்லுங்கள். பந்து உங்கள் பக்கம்.'

அந்த மேசையைச் சுற்றி ஏழு பேர். ஏழு பேருக்கும் இந்த இரண்டுக்கும் அர்த்தம் தெரியும். நான்தான் கற்றுக் கொடுத்திருந்தேன். சீட்டு எதுவும் நகர வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மைக்கை என் பக்கம் தள்ளினார். நல்ல இங்கிலீஷ் என்னுடையதுதானே.

 சொல்லிவிடுவேன் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். முதல் வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. கேஜ் என்ற சின்ன வார்த்தை.

'எங்கள் பக்கத்திலிருந்து வேறு எதுவும் இல்லை சார்' என்றேன். குரல் நடுங்கக் கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது, நடுங்கியாவது இருக்கலாம்.

சாயங்காலம் பஸ்ஸில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. வேலை போனதைக் கான்ட்ராக்டர் காலையில் கேட்டில் வைத்துத்தான் சொல்வார்; அதுதான் வழக்கம், அப்போதுதான் உள்ளே சத்தம் வராது. நான் உட்கார்ந்தேன். பஸ் மெயின் ரோட்டில் திரும்பியது. ஷிஃப்ட் விட்ட பைக்குகள் நடுவில் ஊர்ந்தோம்.

"இன்னிக்கி எந்த மிருகங்க்கா?"

ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் அன்றைக்கு ஏற்கனவே ஒரு பொய் சொல்லியாயிற்று.

"யானை."

"பழைய யானயா? ரூம்புக்குள்ள நிக்குதே, அதுவா?"

"அதான்."

அவள் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள். பூஜைக்குப் பூ வெட்டுகிறார்கள், ஊரே மஞ்சளாக இருக்கிறது என்று ஏதோ சொன்னாள். பிறகு நினைவு வந்தவள் போல என் பக்கம் திரும்பினாள்.

"அப்பறம்? யாராச்சும் கத்தினாங்களாக்கா?"

"இல்ல" என்றேன். "யாரும் கத்தல."

"த்சொ" என்றாள். அந்த வெளிநாட்டு யானைக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள்.  கண்ணில் தூசி என்று கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். இறங்கும் இடம் வரும்வரை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம் கட்டினேன். தளி ரோட்டில் இறங்கும்போது அவள் கையசைத்தாள், நானும் கையசைத்தேன்.

மறுநாள் காலை அதே பஸ், அதே சீட்டு. அவள் மடியில் துணிப்பை இருந்தது. வழியில் அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டில் வரிசையாகக் கார்டு அடித்தோம். எனக்குப் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் பின்னால் அவள் அடித்தாள், சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். செக்யூரிட்டி கையில் ஒரு பட்டியலை வைத்திருந்தார். அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். கான்ட்ராக்டரின் ஆள் டீக்கடையிலிருந்து மெதுவாக எழுந்து வந்து அவளிடம் பேசினான். இரண்டு நிமிஷம்தான். லெட்டர் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது.

நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன்.  அவள் நேராக என்னிடம் வந்தாள். இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எதுவும் தெரியாதவளின் முகமா, எல்லாம் புரிந்தவளின் முகமா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. துணிப்பையைக் கம்பி இடுக்கில் நீட்டினாள். உள்ளே அவரைக்காய். எனக்காகப் பறித்து வந்திருக்கிறாள்.

"உள்ள போங்க்கா, மணியாவுது" என்றாள். "லேட்டானா உங்களயும் லெட்டர் எழுதச் சொல்லிருவாங்க."

நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.